நீர்ப்பிரமியைக் குப்பியில் பெருக்குதல்: மூலிகைத் திசு வளர்ப்புக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

மூலிகைச் செடிகளைத் திசு வளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு துண்டை நுண்ணுயிர் நீக்கிய குப்பியில் வளர்த்து, பெருக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ஊடகத்தில் (ஊட்டக் கலவையில்) வைக்க வேண்டும், எவ்வளவு ஹார்மோன் சேர்க்க வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தச் செடியிலிருந்து துண்டு எடுக்கப் போகிறோம்? குப்பிக்குள் நடப்பது நகலெடுக்கும் வேலை. தாய்ச்செடியில் மருந்துச் சத்து குறைவாக இருந்தால், அந்தக் குறைவே பத்தாயிரம் செடிகளாகப் பெருகி வயலுக்குப் போகும். வாழையில் தவறான தாய்மரத்தைத் தேர்ந்தெடுத்தால் தார் சிறுத்துப் போய்க் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூலிகையிலோ செடி செழித்து நிற்கும், இலை பசுமையாக இருக்கும், மருந்து மட்டும் இருக்காது. எனவே இந்த வழிகாட்டி ஆய்வகத்தில் தொடங்காமல் தாய்ச்செடியில் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக நீர்ப்பிரமியைக் கொள்கிறேன். வெட்டிய தண்டை ஈரமண்ணில் ஊன்றினாலே வேர்விட்டுப் படரும் செடி அது; சிறு தோட்டத்துக்கு அதைப் பெருக்க ஆய்வகமே தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆயினும் இரண்டு காரணங்களுக்காக அதைத் தேர்ந்தெடுத்தேன். முதலாவது, குப்பிக்குள் அது விரைவாகவும் தாராளமாகவும் தளிர்விடும் என்பதால், கை பழகுவதற்கு அதைவிட நல்ல செடி அரிது. இரண்டாவது, அது வளரும் நீரிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களைத் தன்னுள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரையிலிருந்து பறித்த பிரமியை மருந்தாக உட்கொள்வது தீங்கு. மருந்துச் சத்து அளந்து அறியப்பட்ட ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கான நாற்றுகளை உருவாக்கி, தூய நீர் பாயும் வயலில் நட வேண்டுமானால், அப்போது திசு வளர்ப்புக்கு உண்மையான பயன் இருக்கிறது.

தாய்ச்செடியைத் தேர்தல்

வட இந்தியச் சந்தைகளில் பிரமி என்ற ஒரே பெயரில் நீர்ப்பிரமியும் வல்லாரையும் விற்கப்படுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. மருந்துப் பொருள்களும் வேறு. வல்லாரையின் இலை நீண்ட காம்பில் சிறுநீரக வடிவில் அகன்றிருக்கும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, சதைப்பற்றுள்ளது, காம்பின்றித் தண்டின் இருபுறமும் எதிரெதிராக அமைந்தது, கணுவொன்றுக்கு ஒற்றையாக வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ பூக்கும், வாயிலிட்டால் கசக்கும். பூத்த நிலையில் செடியைப் பார்த்து, முடிந்தால் ஒரு தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நீர்ப்பிரமியின் மருத்துவக் குணத்துக்குக் காரணமாகக் கருதப்படுபவை பேக்கோசைடுகள் என்னும் சப்போனின் வகைப் பொருள்கள். இவற்றின் அளவு செடிக்குச் செடி, இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் பேக்கோசைடு மிகுந்த ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. பிரக்யாசக்தி, சுபோதக் ஆகியவை அவற்றுள் அடங்கும். இத்தகைய ரகத்தின் நடவுப் பொருள் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. உள்ளூர்ச் செடியையே எடுப்பதானால், நான்கைந்து இடங்களிலிருந்து திரட்டி, ஒரே தொட்டி மண்ணில் ஒரே பருவத்தில் வளர்த்து, உலர்ந்த மாதிரிகளை, பேக்கோசைடு அளவைக் காட்டும் ஹெச்.பி.டி.எல்.சி. என்னும் வேதிச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்து, அதிகச் சத்துள்ள ஒன்றைத் தாயாகக் கொள்ள வேண்டும். அந்த அளவைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். கடைசியில் அது தேவைப்படும்.

தேர்ந்தெடுத்த தாயைக் குளத்திலிருந்து நேரே ஆய்வகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. சதுப்பு நிலச் செடியாதலால் அதன் தண்டுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கும். மேற்பரப்பை எவ்வளவு கழுவினாலும் அவை போகா. தாய்ச்செடியைச் சுத்தமான மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் வைத்து, இலைமேல் நீர் படாமல் தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் ஊற்றி, மழை படாத நிழற்கூரையின் கீழ் ஆறு வாரமாவது வளர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரைத் தெளித்து, துண்டு எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக நிறுத்திவிடலாம். இந்த ஆறு வாரப் பொறுமையை இழந்தவர்கள் பின்னர் ஆறு மாதம் தொற்றோடு போராடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இடமும் கருவிகளும்

பெரிய கட்டடம் தேவையில்லை; ஆனால் ஊடகம் தயாரிக்கும் இடம், துண்டுகளைக் குப்பியில் வைக்கும் இடம், குப்பிகளை வளர்க்கும் இடம் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கதவுடன் இருக்க வேண்டும். வைக்கும் அறையில், வடிகட்டிய காற்று சீராக வீசும் லாமினார் மேசை இருக்கும். அதன் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடுவதால், மேசைமீது வீசும் காற்றில் பூஞ்சை வித்துகளோ பாக்டீரியாவோ அநேகமாக இருப்பதில்லை. புற ஊதா விளக்கை 20 நிமிடம் எரியவிட்டு, அதை அணைத்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். அந்த ஒளி கண்ணையும் தோலையும் கெடுக்கும். வேலை தொடங்குமுன் காற்றோட்டத்தை 15 நிமிடமாவது ஓடவிட வேண்டும்.

நுண்ணுயிர் நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைப்பதே அதன் பயன். வீட்டுப் பிரஷர் குக்கரும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில் இயங்குவதால், சிறு அளவில் கற்றுக்கொள்ளும்போது பெரிய குக்கர் ஒன்றே போதும். முதல் விசில் நன்றாக வந்தபின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்திருந்து, தானாக ஆறிய பிறகு திறக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தத்தை இறக்கினால் குப்பியிலுள்ள ஊடகம் பொங்கி மூடியை நனைத்துவிடும். நனைந்த மூடியின் விளிம்பே பூஞ்சை நுழையும் வழியாகிவிடும்.

இவை தவிர 0.01 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு, அமில, காரத் தன்மையை அளக்கும் பி.ஹெச். மீட்டர், காய்ச்சி வடித்த நீர், வெப்பம் தாங்கும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், நீண்ட இடுக்கிகள், கத்திப்பிடியும் மாற்று அலகுகளும் வேண்டும். வளர்ப்பு அறையில் அடுக்குப் பலகைகளும் வெண்ணிறக் குழல் விளக்குகளும் இருந்தால் போதும். வெப்பநிலை 25 பாகையை ஒட்டி, இரண்டு பாகை கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஒளி 2000 முதல் 3000 லக்ஸ், நாளொன்றுக்கு 16 மணி நேரம். தமிழகத்துக் கோடையில் குளிரூட்டி தவிர்க்க முடியாதது. ஆனால் அதன் வடிகட்டியை மாதம் இருமுறை கழுவாவிட்டால் அதுவே வித்துகளைத் தூவும் இயந்திரமாக மாறிவிடும்.

ஊடகம்

தோஷியோ முராஷிகி, ஃபோல்கே ஸ்கூக் ஆகிய இருவரும் புகையிலைத் திசுவுக்காக உருவாக்கி 1962-இல் வெளியிட்ட ஊடகமே இன்றும் பெரும்பாலான செடிகளுக்கு முதல் தேர்வாக இருக்கிறது. இருவரின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அதை எம்.எஸ். ஊடகம் என்பார்கள். ஒரு லிட்டர் ஊடகத்தில் அம்மோனியம் நைட்ரேட் 1650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1900, நீரேறிய கால்சியம் குளோரைடு 440, மக்னீசியம் சல்பேட் 370, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 170 மில்லிகிராம் இருக்கும். இவற்றோடு போரான், மாங்கனீசு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களும், இரும்பும், மயோ இனாசிட்டால் 100 மில்லிகிராமும், தயமின், பைரிடாக்சின், நிக்கோட்டினிக் அமிலம், கிளைசின் ஆகியவை சிறு அளவிலும் சேரும். செம்பும் கோபால்ட்டும் லிட்டருக்கு 0.025 மில்லிகிராம் மட்டுமே வேண்டும் என்பதால், அவற்றை நேரடியாக எடை போடுவது இயலாது. நூறு மடங்கு அடர்ந்த இருப்புக் கரைசல் செய்து, அதிலிருந்து 10 மில்லி எடுத்துச் சேர்ப்பதே வழக்கம்.

இருப்புக் கரைசல்களில் கால்சியத்தை எப்போதும் தனிப் புட்டியில் வைக்க வேண்டும். அடர்ந்த நிலையில் அது சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் சேர்ந்தால் வெண்ணிறமாகப் படிந்துவிடும். படிந்தது செடிக்குக் கிடைக்காது. இரும்புச் சல்பேட்டை, இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் இ.டி.டி.ஏ. உப்புடன் கலந்து, ஒளிபடாத பழுப்பு நிறப் புட்டியில் வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, கடையில் கிடைக்கும் ஆயத்த எம்.எஸ். தூளை வாங்கிப் பொட்டலத்தில் கூறியுள்ள அளவில் கரைப்பதே. எடையிடுவதில் நேரும் பிழையையும் கைத்திறனில் நேரும் பிழையையும் முதல் மாதத்திலேயே சேர்த்துச் சுமந்தால், எது காரணம் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம். குப்பிக்குள் மங்கலான ஒளியில் வளரும் தளிர் தனக்கு வேண்டிய உணவைத் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ள முடியாததால் சர்க்கரையை நாம் ஊட்டுகிறோம். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையே போதும். பெரிய வணிக ஆய்வகங்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கெட்டியாக்க அகர் 7 முதல் 8 கிராம். மண்டபம், பாம்பன் கடலோரத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது. நம் ஆய்வக மேசையில் உறைந்து நிற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் பின்னால் அந்தக் கடினமான உழைப்பு இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

கலக்கும் வரிசை முக்கியமானது. லிட்டருக்கு 800 மில்லி நீரில் உப்புகளையும் உயிர்ச்சத்துகளையும் சர்க்கரையையும் கரைத்து, ஹார்மோனைச் சேர்த்து, நீர் ஊற்றி ஒரு லிட்டராக்கிய பின் பி.ஹெச். அளவை 5.8-க்குக் கொண்டுவர வேண்டும்; அதன் பிறகே அகரைத் தூவிச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். ஆட்டோகிளேவில் வைத்தெடுக்கும்போது பி.ஹெச். சற்றே இறங்கும். தொடக்கத்திலேயே 5-க்குக் கீழே இருந்தால் அகர் இறுகாமல் கூழாகவே நிற்கும். குப்பிக்கு 30 முதல் 40 மில்லி ஊற்றி மூடி, 121 பாகையில் 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுத்து, மூன்று நாள் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளில் எதுவும் முளைக்காத குப்பிகளையே பயன்படுத்த வேண்டும்.

ஹார்மோன்

ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரு செடி ஹார்மோன்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத் திசு தளிராகவோ வேராகவோ உருவாகும் என்பதை ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் காட்டினார்கள். சைட்டோகைனின் ஓங்கினால் தளிர்; ஆக்சின் ஓங்கினால் வேர்; இரண்டும் சமநிலையில் இருந்தால் பெரும்பாலும் கேலஸ் எனப்படும் உருவமற்ற திசுத்திரள். மூலிகையைச் செடியாகப் பெருக்கும் வேலையில் கேலஸ் வழியைத் தவிர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேலஸிலிருந்து எழும் செடிகளில் மரபு மாற்றங்கள் நேரும் வாய்ப்பு கூடுதல். தாயின் தரத்தை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்ற நம் நோக்கமே அங்கு கெட்டுவிடும். கணுவில் இலைக்கும் தண்டுக்கும் இடையே ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் கோணமொட்டை எழுப்பி வளரச் செய்வதே பாதுகாப்பான வழி.

(செடியே இல்லாமல் மருந்துப் பொருளை மட்டும் செல்களிலிருந்து எடுப்பது வேறொரு துறை. ஜப்பானில் 1983 அளவில் ஷிகோனின் என்னும் சிவப்பு நிறப்பொருளைப் பெரிய கலன்களில் வளர்த்த செல்களிலிருந்து எடுத்து வணிகமாக்கினார்கள். அங்கு கேலஸ்தான் தொடக்கம். நம் வேலை அதுவன்று.)

நீர்ப்பிரமிக்கு பி.ஏ.பி. என்னும் சைட்டோகைனின் ஒன்றே போதும். 100 மில்லிகிராம் பி.ஏ.பி.யைச் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, நீர் ஊற்றி 100 மில்லியாக்கினால், ஒவ்வொரு மில்லியிலும் 1 மில்லிகிராம் இருக்கும். ஊடகம் ஒரு லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லி சேர்க்கலாம். தளிர் கூடுதலாக வரட்டுமே என்று இரண்டு, மூன்று மில்லியாக உயர்த்துவது தொடக்கநிலையினர் அனைவரும் செய்யும் தவறு. தளிர்கள் கொத்தாகக் குட்டையாக நெருங்கி, நீர்கோத்துக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அத்தகைய தளிர்கள் வெளிக்காற்று பட்டதும் துவண்டுவிடும்.

பிரிகூறு (தாய்ச்செடியிலிருந்து வெட்டும் துண்டு) எடுத்துக் குப்பியில் வைத்தல்

தொட்டியிலுள்ள தாய்ச்செடியின் நுனியிலிருந்து ஏழெட்டுச் செ.மீ. நீளமுள்ள இளந்தண்டுகளைக் காலையில் வெட்டி, இலைகளை நீக்கி, ஓடும் குழாய்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பின்னர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஐந்து நிமிடம் மெல்லக் குலுக்கி, நுரை போகக் கழுவ வேண்டும். இதற்கு மேல் எல்லாம் லாமினார் மேசையில். முதலில் 70 விழுக்காடு ஆல்கஹாலில் 30 விநாடி. தூய ஆல்கஹால் இன்னும் வலுவானது என்று எண்ணக் கூடாது. நுண்ணுயிரின் உள்ளே புகுந்து அதன் புரதத்தைச் சிதைப்பதற்கு ஓரளவு நீர் தேவை, அதனால் 70 விழுக்காடே சிறந்தது. அதன் பின் 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 8 முதல் 10 நிமிடம். கடையில் கிடைக்கும் கரைசல் 4 விழுக்காடு என்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு நுண்ணுயிர் நீக்கிய நீர் சேர்த்தால் சரியாகும். இறுதியாக நுண்ணுயிர் நீக்கிய நீரில் நான்கைந்து முறை கழுவ வேண்டும்.

பல செய்முறைகளில் 0.1 விழுக்காடு பாதரசக் குளோரைடு கூறப்பட்டிருக்கும். அது ஹைப்போகுளோரைட்டைவிடத் தொற்றைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் அது கடும் நஞ்சு. கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தனியே சேமித்து முறைப்படி ஒப்படைக்க வேண்டும். மருந்துக்காக வளர்க்கும் செடியின் முதல் படியிலேயே பாதரசத்தைத் தொடுவதற்கு என் மனம் ஒப்புவதில்லை. தாய்ச்செடியை ஆறு வாரம் ஒழுங்காகப் பேணியிருந்தால் நீர்ப்பிரமிக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

வெளுத்துப்போன வெட்டுமுனைகளை அரைச் செ.மீ. நறுக்கி நீக்கி, ஒரு கணு இருக்குமாறு 1 முதல் 1.5 செ.மீ. துண்டுகளாக வெட்ட வேண்டும். கணு ஊடகத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு, அடிப்பக்கம் கீழாக ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றிய துண்டு தளிர்விடத் தடுமாறும். முதல் சுற்றில் ஒரு குப்பியில் ஒரே துண்டுதான். ஐந்து துண்டுகளை ஒரே குப்பியில் வைத்தால், ஒன்றில் ஒளிந்திருக்கும் பாக்டீரியா மற்ற நான்கையும் கொண்டுபோய்விடும். இடுக்கியையும் கத்தியையும் ஒவ்வொரு குப்பிக்கும் ஆல்கஹாலில் தோய்த்துச் சுடரில் காட்டி ஆறவிட வேண்டும். இங்கு ஒரு எச்சரிக்கை: ஆல்கஹாலில் நனைந்த கையைச் சுடருக்கு அருகே கொண்டுபோகக் கூடாது, ஆல்கஹால் பாத்திரத்தைச் சுடரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். லாமினார் மேசையில் நேரும் தீ விபத்துகளுக்கு இதுவே முதன்மையான காரணம்.

குப்பிகளைக் கவனித்தல்

மூன்றாம் நாள் துண்டின் அடியில் பால் போன்ற படலம் தெரிந்தால் அது பாக்டீரியா. ஐந்தாம் நாளிலிருந்து பஞ்சு போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. பூஞ்சை ஊடகத்தின் நடுவிலோ குப்பியின் ஓரத்திலோ தோன்றினால், காற்றிலிருந்தோ மூடியிலிருந்தோ விழுந்தது என்றும், துண்டைச் சுற்றித் தோன்றினால் செடியோடு வந்தது என்றும் கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாட்டைக் குறித்து வைத்தாலே அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும். தொற்றிய குப்பியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மூடியவாறே ஆட்டோகிளேவில் வைத்து, அதன் பிறகே கழுவ வேண்டும்.

நான் முன்னர் பணியாற்றிய ஒரு கூடத்தில், ஒரு மழைக்காலத்தில், இரண்டு மாதமாக நன்றாக இருந்த குப்பிகள் திடீரென்று அடுக்கடுக்காகப் பூஞ்சை பிடித்தன. ஊடகத்தை மாற்றினோம், வடிகட்டியை மாற்றினோம், எதுவும் உதவவில்லை. பூஞ்சை குப்பிக்குள் சிறு சிறு புள்ளிகளாக ஒரு கோடு போட்டாற்போலத் தோன்றியதை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் மூடியின் இடுக்கு வழியே நுழைந்து, நடந்த இடமெல்லாம் வித்துகளை உதிர்த்துச் சென்றிருந்தன. எவரோ வயல் ஆடையோடு வளர்ப்பு அறைக்குள் வந்திருக்க வேண்டும். அந்த அடுக்கு முழுவதையும் அழிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து, வயலுக்குச் சென்ற நாளில் வளர்ப்பு அறைக்குள் நான் நுழைவதில்லை. குப்பியின் மூடியைச் சுற்றி ஒட்டும் படலம் சுற்றாமல் எதையும் அடுக்கில் வைப்பதுமில்லை.

தொற்றில்லாத துண்டுகளில் ஏழு முதல் பத்து நாளில் கோணமொட்டு புடைக்கும். நான்கு வாரத்தில் ஒவ்வொரு துண்டிலும் பல தளிர்கள் எழுந்து நிற்கும். அவற்றைக் கணு கணுவாக வெட்டிப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவதே சப்கல்ச்சர். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து மடங்கு பெருகுகிறது என்று வைத்துக்கொண்டு, அதில் பத்திலொரு பங்கு தொற்றிலும் சேதத்திலும் போய்விடும் என்று கழித்தால், 20 துண்டுகளில் தொடங்கியது 16 வாரத்தில் ஏறத்தாழ 8,200 ஆகும். இந்தக் கணக்கு மயக்கமூட்டுவது. ஆனால் சுற்றுகள் கூடக்கூடச் செடியில் வேறுபாடுகள் சேரும் என்பதால், ஏழெட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டுத் தாய்ச்செடியிலிருந்து மறுபடி தொடங்குவதையே நான் கடைப்பிடிக்கிறேன். ஒவ்வொரு குப்பியிலும் செடியின் பெயர், தாயின் எண், சுற்றின் எண், தேதி ஆகிய நான்கும் எழுதியிருக்க வேண்டும்.

வேரும் வெளியுலகும்

நீர்ப்பிரமியின் தளிர்களைப் பி.ஏ.பி. இல்லாத, உப்புகள் பாதியாகக் குறைக்கப்பட்ட ஊடகத்தில் ஊன்றினால் பெரும்பாலும் தானாகவே வேர்விடும். வேர் மெலிந்திருந்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஐ.பி.ஏ. என்னும் ஆக்சின் சேர்க்கலாம். மூன்று, நான்கு வாரத்தில் நாற்று வெளியே வரத் தயாராகிவிடும்.

அடுத்த இரண்டு வாரம் எளிதாகத் தோன்றினாலும், பெருந்தொகையான செடிகள் இறப்பது அப்போதுதான். குப்பிக்குள் ஈரம் நிறைந்த காற்றில் வளர்ந்த இலையின்மேல் மெழுகுப் படலம் சரியாக உருவாகியிருக்காது. இலைத்துளைகளுக்கும் மூடத் தெரியாது. வெளியே எடுத்த சில மணி நேரத்தில் இலை நீரை இழந்து துவள்வது இதனால்தான். வெதுவெதுப்பான நீரில் வேரிலிருந்து அகரை முழுவதும் கழுவ வேண்டும். சர்க்கரையோடு ஒட்டிய அகர் மண்ணில் பூஞ்சையை வரவழைக்கும். லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டாசிம் கலந்த நீரில் ஒருமுறை தோய்த்து, மக்கிய தென்னைநார்க் கழிவும் மணலும் சம அளவில் நிரப்பிய குழித்தட்டில் நட வேண்டும். அதன்மேல் பாலித்தீன் கூடாரம் அமைத்து, ஒரு வாரம் மூடிவைத்து, இரண்டாம் வாரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அரை நாள் என்று படிப்படியாகத் திறந்துவிட வேண்டும். பிறகு இரண்டு வாரம் 50 விழுக்காடு நிழல்வலையின் கீழ். நீர்ப்பிரமி ஈரத்தை விரும்புவதால் இந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் நன்றாகவே கடந்துவிடும்.

பிற மூலிகைகளுக்குப் போகும்போது

கை பழகிய பின் கடினமான செடிகளை எடுக்கலாம்; ஆனால் ஒவ்வொன்றும் தன் சிக்கலோடு வரும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், கொல்கிசின் என்னும் மருந்துப்பொருளுக்காக வளர்க்கப்படுகிறது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். கிழங்கு மெதுவாகவே பெருகும். விதைக்கிழங்கின் விலையும் அதிகம். எனவே திசு வளர்ப்பு அதற்கு மிகவும் தேவை. ஆனால் கிழங்கின் முளை மண்ணுக்குள் இருப்பதால் தொற்று மிகக் கடுமையாக இருக்கும். செடி முழுவதும் நஞ்சு என்பதால் கையுறையின்றித் தொடக் கூடாது. மருந்துக்கூர்க்கனில் தண்டுத்துண்டே எளிதாக வேர்விடும். அங்கு திசு வளர்ப்பின் பயன், வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் இல்லாத தூய நாற்றுகளைத் தருவதில் இருக்கிறது.

வேங்கை போன்ற மரங்களில் வெட்டிய முனையிலிருந்து பீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள் கசிந்து ஊடகம் கறுத்துத் துண்டும் இறக்கும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுவதும், லிட்டருக்கு 100 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலமோ 1 முதல் 2 கிராம் செயலூட்டிய கரியோ சேர்ப்பதும் உதவும். கரி ஹார்மோனையும் உறிஞ்சும் என்பதை மறக்கக் கூடாது. காட்டுச் செடிகளை எடுப்பவர்கள் வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக் காட்டிலிருந்து ஒரு தண்டும் பறிக்கக் கூடாது. அழிந்துவரும் மூலிகையைக் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, எஞ்சியிருக்கும் சில செடிகளையும் ஆய்வகத்துக்காகப் பிடுங்கிவந்து தொற்றில் இழப்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

நாற்றுகளை விற்கும் நோக்கம் இருந்தால், திசு வளர்ப்பு நாற்றுகளுக்கென மத்திய உயிரித் தொழில்நுட்பவியல் துறை 2006-இல் தொடங்கிய தேசியச் சான்றளிப்பு முறையின் விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். நச்சுயிரி இல்லை என்பதும் மரபு ஒருமைப்பாடு உண்டு என்பதும் அதில் சோதிக்கப்படுகின்றன.

சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூலிகைக்கு இன்னொரு சோதனை உண்டு. வயலில் நட்ட நாற்றுகள் முதல் அறுவடைக்கு வந்ததும், நான்கைந்து இடத்திலிருந்து மாதிரி எடுத்து நிழலில் உலர்த்தி, தாய்ச்செடியைச் சோதித்த அதே ஆய்வகத்துக்கு, அதே முறையில் அளக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். பருவம் மாறினால் அளவும் மாறும் என்பதால், தொட்டியில் காத்துவரும் தாயிலிருந்தும் அதே நாளில் மாதிரி எடுத்து உடன் அனுப்புவது முறை. முடிவு வந்ததும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய எண்ணுக்கு அடுத்து இவ்விரு எண்களையும் எழுத வேண்டும். மகளின் அளவு தாயின் அளவை ஒட்டியிருந்தால் அந்த வரிசையைத் தொடரலாம். தெளிவாகக் குறைந்திருந்தால், அடுக்கில் எத்தனை ஆயிரம் குப்பிகள் இருந்தாலும் அவற்றை நிறுத்திவிட்டு, தொட்டியில் காத்துவரும் தாயிலிருந்து புதிய துண்டு எடுக்க வேண்டும்.